செங்கோட்டை வட்டார ஆசிரியர்களுக்கு: பள்ளி மைதானத்தில் ஒரு கம்பு நடுங்கள்

அன்புள்ள அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தென்காசி, செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வரை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை. பருவகாலப் பாடத்தைக் கரும்பலகையோடு முடித்துவிடாதீர்கள். மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நட்டு, வருடம் முழுக்க அதன் உச்சிநேர நிழலைப் பிள்ளைகள் கையாலேயே குறிக்க வையுங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்கிறாள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளிப் போவது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடியில். பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதையும் அவள் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் அந்தச் சாய்வு நம் முற்றத்து வெயிலை என்ன செய்கிறது என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சாய்வால்தான் உச்சிச் சூரியன் வருடத்தில் வடக்கும் தெற்குமாக நகர்கிறது, அதைக் கம்பின் நிழல் காட்டிவிடும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. மார்கழி முதல் வாரத்தில், அதாவது டிசம்பர் 21, 22 வாக்கில், அந்த ஒரு மீட்டர் கம்பின் உச்சி நிழல் வடக்கே 63 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 21 வாக்கில் அதே நிழல் 16 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சித்திரை பிறக்கிற அன்றோ அதற்கு முந்தின நாளோ, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விஷு கொண்டாடுகிற அதே சமயத்தில், கம்புக்கு நிழலே இருக்காது, சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அதற்கப்புறம் நடப்பதுதான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டியது: நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பித்து, ஜூன் 21-ல் 26 சென்டிமீட்டர் வரை போய், திரும்பச் சுருங்கி, ஆகஸ்ட் 30 வாக்கில் மறுபடி காணாமல் போகும். ஆக நாலரை மாதம் உச்சிவெயில் நமக்கு வடக்கேயிருந்து அடிக்கிறது. உங்கள் பள்ளியின் வடக்குச் சுவரைப் பாருங்கள், புரட்டாசி முதல் பங்குனி வரை வெயிலே படாமல் பாசி பிடித்துக் கிடக்கும் சுவரில் ஆனி மாதம் மேகம் விலகினால் மத்தியானத்திலும் வெயில் விழும். சூரியன் கிழக்கே உதிக்கும், உச்சிக்கு வரும், மேற்கே மறையும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனால் இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

நமக்கு ஏன் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதற்கும் இந்த நிழலிலேயே பதில் இருக்கிறது. கதிர் சரிந்து விழுந்தால் அதே வெயில் அதிக இடத்தில் பரவிவிடும். நம் ஊரில் டிசம்பர் நண்பகலில்கூட அந்தச் சரிவால் குறைவது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான், டெல்லியிலோ 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்துவிடும். பகல் நீளமும் இங்கே வருடத்தில் ஒரு மணி நேரம் போலத்தான் கூடிக் குறைகிறது.

அப்புறம் மழை. சூரியன் வடக்கே போய் ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து நிலத்தைக் காய்ச்ச, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. தெற்கேயிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமி சுழல்வதால் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்குப் பருவக்காற்றாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளக் கரையைத் தொடுகிறது. அதுதான் ஆரியங்காவு கணவாய் வழியாக நமக்குச் சாரலாக வருகிறது, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது. நிழல் தெற்கே நீண்டிருக்கும் மாதங்களில் சாரல், அது வடக்கே திரும்பி நீளும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. மலைக்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்து வருடத்தை 27 ஞாற்றுவேலையாகப் பிரித்து, திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக் கொடி நடுவார்கள். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர் செங்கோட்டை, அதனால் உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகளைக் கேட்டாலே நிறையச் சொல்வார்கள். வகுப்புக்கே அழைத்து வந்து பேச வைத்தால் இன்னும் நல்லது.

செய்யும்போது இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சிநேரம் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருப்பதால் ஏப்ரல் பாதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் 12.21, 12.22-க்குத்தான் நிழல் மிகக் குட்டையாகும். நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கே ஆகிவிடும், அதனால் மணியை நம்பாமல் கால்மணி நேரம் முன்பிருந்தே சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டாவது, சித்திரைப் பிறப்பு விடுமுறை நாள், ஆகையால் நமக்கு வசதியான நாள் ஆகஸ்ட் 30. அன்று மேகம் மூடினாலும் பரவாயில்லை, அந்த வாரத்தில் நிழல் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும், முன்னே பின்னே எந்த நாளில் வெயில் கிடைத்தாலும் குறித்துவிடலாம்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில்தான் நிழல் மிக நீளம். அந்தப் புள்ளியையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
செங்கோட்டையிலிருந்து ஒரு பெற்றோர்