ஃபேன் முனகினால் கண்டென்சரைப் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

ஃபேன் சுற்ற மறுக்கிறது, குழாய் சொட்டுகிறது, இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது, மூன்றையும் புதிதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். எது கெட்டது என்றே இன்னும் உனக்குத் தெரியாதே. இந்த மூன்றிலும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன உறுப்புதான் முதலில் போகும்.

ஃபேனிலிருந்து தொடங்கு. மெயினை அணைத்துவிட்டு றெக்கையைக் கையால் லேசாகச் சுற்றிவிடு. சத்தமில்லாமல் பல சுற்று போய் மெல்ல நின்றால் பேரிங்கில் குறையில்லை. கரகரவென்று உரசிச் சட்டென்று நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றி மாட்டுவது மெக்கானிக் வேலை, நீ இறங்காதே. (மேலிருந்து எண்ணெய் விடச் சொல்வார்கள். மூடிய பேரிங்குக்குள் எண்ணெய் சரியாக இறங்காது, வெளியே தூசியைச் சேர்ப்பதோடு சரி.)

பேரிங் சரியென்றால் அடுத்த சோதனை. மின்சாரம் இல்லாதபோதே றெக்கையைச் சுற்றிவிட்டு விலகிக்கொள். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மின்சாரத்தைக் கொடுக்கட்டும். நின்ற இடத்தில் முனகிக்கொண்டிருந்த ஃபேன் இப்போது ஓடினால், அதுவும் நீ எந்தப் பக்கம் சுற்றிவிட்டாயோ அந்தப் பக்கமே ஓடினால், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உறுப்பான கண்டென்சர் போய்விட்டது. சாதாரண ஃபேன் மோட்டாரில் இரண்டு காயில்: ரன்னிங், ஸ்டார்ட்டிங். இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றாகவே ஏறி இறங்கினால் மோட்டாருக்குத் திசை கிடைக்காது. ஸ்டார்ட்டிங் காயிலோடு தொடராக நிற்கும் கண்டென்சர்தான் அதன் மின்னோட்டத்தை மற்றதைவிட முந்தச் செய்து, ஒரு பக்கமாகத் திருப்புகிறது.

முழுதாகச் சாகாமலும் கண்டென்சர் படுத்தும். உள்ளிருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக எரிந்து, கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். 2.5 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கொள்ளளவின் அலகு) என்று அச்சிட்டது 1.8க்கு இறங்கிவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று வராது. கண்டென்சர் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், கீழே சொல்லும்படி கழற்றி, மின்னூட்டம் இறக்கிய பிறகு அளந்து பார். கூடவே ±5% என்று போட்டிருந்தால் 2.38 முதல் 2.63 வரை இருக்க வேண்டும்.

மாற்றும்போது மெயினையே அணை, சுவரிலுள்ள சுவிட்சை நம்பாதே. வயரிங் தப்பாக இருந்தால் அந்த சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் வயரை விட்டுவிட்டு, அது திரும்பும் நியூட்ரலை வெட்டும். ஃபேன் நின்றிருக்கும், வயரில் மின்சாரம் இருக்கும். ஏணியில் ஏறி, கண்டென்சரை மூடியிருக்கும் கப்பைத் தளர்த்தி, டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார். எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் படமெடுத்துக்கொள். பிறகு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் கண்டென்சரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிடு. புதியதில் எம்.எஃப்.டி. அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபேன் கண்டென்சரில் 440 என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். பெரியதாகப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. 2.5 இருந்த இடத்தில் 4 போட்டால் ஸ்டார்ட்டிங் காயில் சூடேறி நாளடைவில் கருகும்.

இந்தக் கண்டென்சருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. ஆனால் ஃபேஸ் வயரை அதன் எந்தக் காலோடு சேர்க்கிறாய் என்பதில் கவனம் வேண்டும். ரன்னிங் பக்கத்துக்குப் பதில் ஸ்டார்ட்டிங் பக்கம் சேர்த்துவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், காற்று கூரைக்குப் போகும். படம் எடுக்கச் சொன்னது அதற்குத்தான். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் பழுது பெரும்பாலும் சர்க்யூட் போர்டில் இருக்கும், சுவர் ரெகுலேட்டரோடு இணைத்தால் அந்தப் போர்டே கெடும். சாதாரண ஃபேன் 5இல் நன்றாக ஓடி 1, 2இல் நின்றுவிட்டால் ஃபேனை விட்டுவிட்டு ரெகுலேட்டரை மாற்று.

குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். வாயிலிருந்து சொட்டினால் வாஷர், பிடிக்குக் கீழே கசிந்தால் தண்டைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் அல்லது கிளாண்ட் பேக்கிங், சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மட்டும் டெஃப்லான் டேப். வாயில் சொட்டும் குழாய்க்கு டேப் சுற்றிப் பயனில்லை. இறுக்கி மூடி நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம், வாஷர் இன்னும் நசுங்கும். கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாயென்றால் உள்ளே வாஷருக்குப் பதில் பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். மணல் துகள் கீறினாலே சொட்டும். கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய் உயரமும் மேலுள்ள பல் எண்ணிக்கையும் பொருந்துகிறதா பார்த்து வாங்கு. தண்ணீர் வால்வை மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்துக்கு, ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார். அங்கே நன்றாக வந்து அறைக்குள் மட்டும் அறுந்தால் சுவர்தான் காரணம். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 2.4க்கு மாறு, வேகம் குறைந்தாலும் சுவரைக் கடக்கும். பக்கத்திலேயே அறுந்தால் விளக்குகளைக் கவனி. எல்லாம் ஒருசேர அணைந்து திரும்ப எரிந்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அப்போது முதல் சந்தேகம் அடாப்டர்மேல். அதற்குள்ளும் கண்டென்சர்தான், இது சூட்டில் காய்ந்துபோகும் வகை. மாற்று அடாப்டரில் வோல்ட் அதே அளவு இருக்கட்டும்; 12 என்றால் 12தான். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸா மைனஸா என்று இரண்டிலும் ஒரு சின்னப் படம் அச்சிட்டிருக்கும், அதையும் ஒப்பிட்ட பிறகு செருகு.

அன்புடன்,
அக்கா