மருந்து இரத்தத்தில் சேர்ந்ததா?

சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. காசநோய் மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைத்த பிறகும் இரத்தத்தில் மருந்தளவை எதற்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை, சிறுநீரும் செம்மஞ்சளாகவே போனது. ஆனாலும் இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி தெரிந்தது. அந்த நிறம் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து உள்ளே போனதைக் காட்டுமே தவிர, போதுமான அளவு சேர்ந்ததா என்பதைக் காட்டாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ என்று சோதித்ததில் அதுவும் இல்லை என்றானது. அதன் பிறகே வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரு முறையும் 6 மணி நேரம் கழித்து ஒரு முறையும் இரத்தம் எடுத்தோம்.

ரிஃபாம்பிசினின் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 8 முதல் 24 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். முதல் மாதிரியில் குறைந்து இரண்டாவதில் ஏறியிருந்தால் குடல் தாமதமாக உறிஞ்சுகிறது என்று பொருள். இரண்டிலும் குறைவென்றால் மருந்து சரிவரச் சேரவே இல்லை. ஒற்றை மாதிரியை நம்பி அளவைக் கூட்டுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். இவருக்கு இரண்டிலும் குறைவு. மருத்துவர் அளவைக் கூட்டி, ஈரல் பரிசோதனையையும் விடாமல் செய்து வந்தார். பிறகு எடுத்த சளியில் கிருமி இல்லை.

ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் கழிக்கும் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்நாளிலேயே ஆராய்ந்தது. நம் ஊரிலேயே வேர்விட்ட அறிவு இன்னும் எல்லா நோயாளிக்கும் எட்டவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை, சர்க்கரை, எச்.ஐ.வி., தீராத வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும், சளியில் கிருமி மறையாதவர்களுக்கும் அவசியம்.

மாதிரியை வெயிலில் வைத்துவிடக் கூடாது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உடனே பிரித்து உறையவைக்காவிட்டால் ரிஃபாம்பிசின் சிதைந்து, இல்லாத குறைவைக் காட்டும். அதனால் ஏற்காட்டிலிருந்து இரத்தத்தை அனுப்பச் சொல்லாமல், கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நோயாளியையே சேலத்துக்கு வரச் சொல்கிறோம்.

உன் மைத்துனருக்கும் சர்க்கரை உண்டென்று எழுதியிருந்தாய். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வலுவையும் குறைத்துவிடும். ஆகவே சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்கச் சொல். அவரது சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்