செயலாளர் ஆண்டறிக்கை 2024: வில்லில் பூட்டும் அம்பறாத்தூணி குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மிச்சிகன் மாநிலம் கிரேலிங் வட்டாரத்தில் இயங்கும் நம் வில்வேட்டையர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பயிற்சித் திடலில் நைந்துபோன இலக்குகளை மாற்றிவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மைப் பேசவைத்த வேறொரு பொருளுக்கு, அதாவது அம்புகளை வைக்க வில்லில் பூட்டும் தூணிக்கு, இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்க அனுமதி கோருகிறேன்.

பேச்சு தொடங்கியது ஒரு காயத்தில். 2023 அக்டோபரில் வேட்டைப் பருவம் திறந்த முதல் வாரம், ஓ சாபிள் ஆற்றங்கரைச் சரிவில் நம் இளம் உறுப்பினர் ஒருவர் ஈரமான பைன் சருகில் வழுக்கி விழுந்தார். வில்லைப் பிடிக்க நீட்டிய கையில் நான்கு தையல். வில்லில் பூட்டியிருந்த தூணியில் அம்பு முனைகளை மூடும் தொப்பி ஆழம் போதாமல், அம்பு முனையின் வெட்டும் அலகு அரை அங்குலம் வெளியே நின்றிருக்கிறது. நம் மாநில விதிப்படி மான் வேட்டைக்கான அம்பு முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். சவரக் கத்தியாகத் தீட்டிய அத்தகைய ஐந்து முனைகளைத்தான் நாள் முழுவதும் உடம்புக்கு ஒரு சாண் தூரத்தில் சுமந்து நடக்கிறோம். ஆனால் கடையில் தூணி வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது நிறத்தையும் விலையையும்தான். இது எனக்கு வருத்தம்.

இதன் பொருட்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரவர் தூணிகளைத் திடலுக்குக் கொண்டுவரச் சொன்னோம். ஒரே பலகைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோது தெரிந்தது ஏராளம். என் தூணியின் தொப்பியைக் கவிழ்த்து வெள்ளைத்தாள்மேல் தட்டினேன். உள்ளிருந்த நுரைப்பஞ்சு மிளகுத்தூள் போலக் கொட்டியது. அலகுகள் இரண்டு பருவமாக அதைக் கீறித் தின்றிருக்கின்றன. மழைநாளில் பஞ்சு குடித்த ஈரம் வெளியேறாமல், ஓர் அலகின் விளிம்பில் கடுகளவு துருவும் பிடித்திருந்தது. அன்று முதல் வேட்டை முடிந்து வந்ததும் அம்புகளை உருவித் தொப்பியைக் காயவைக்கிறேன். விரியும் அலகுள்ள முனைகளை வைத்திருப்போர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அம்பை உருவும்போது பஞ்சு அலகைப் பற்றி இழுத்து விரித்துவிடக் கூடாது.

அடுத்தது அம்புத் தண்டைத் தூணியில் பிடித்து நிறுத்தும் கவ்விகள். பழைய தடித்த தண்டுகளுக்கென வார்த்த ரப்பர் கவ்வியில் இப்போதைய மெல்லிய கார்பன் அம்பு தளர்ந்தே நிற்கும். அம்பை விரலால் சுண்டிப் பாருங்கள். அது ரீங்கரித்தால், நாணை விடும்போதும் ரீங்கரிக்கும். நம் அம்பு நொடிக்குச் சுமார் 80 மீட்டர் போகிறது. ஒலியோ 340 மீட்டர். 20 கஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மான் ஓசை கேட்டு உடலைத் தாழ்த்திக்கொள்ள அந்த இடைவெளி போதும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பட்டால் அந்த மான் எங்கோ ஒரு சதுப்பில் தவித்துச் சாகும். ஓசையில்லாத தூணி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எடையைப் பற்றித் திடலில் நிறைய வாதம் நடந்தது. தூணியும் ஐந்து அம்பும் சேர்ந்தால் அரைக் கிலோவை நெருங்கும். வலக்கைக்காரரின் வில்லில் அது வலப்பக்கம் தொங்கி வில்லையும் அப்படியே சாய்க்கும். காற்றடிக்கும் நாளில் இறகுகள் வேறு பாய்போல் காற்றை வாங்கும். தூணி இல்லாமல் வில்லின் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்துவிட்டு, தூணியோடு 30 கஜத்தில் எய்தேன். அம்புகள் மூன்று விரல் வலப்பக்கம் போய்க் குத்தின. ஆகவே தரையில் நடந்து வேட்டையாடுவோர், வில்லின் உடலை ஒட்டியே அமரும் தூணியாக வாங்கி, அம்புகள் நிறைந்த நிலையிலேயே பழக வேண்டும். பரணில் அமர்வோர் கழற்றி மாட்டும் வகையை வாங்கலாம். அவர்கள் அதைக் கழற்றிவிட்டே பழகட்டும். வாங்குமுன் கையுறை போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்து பார்ப்பது அவசியம். வீட்டில் கேட்காத கிளிக் ஓசை நவம்பர்க் காலைக் குளிரில் காடு முழுவதும் கேட்கும்.

அம்பு அறாத தூணி என்பதால்தான் அதற்கு அம்பறாத்தூணி என்று பெயர். காவிய வீரனுக்கு அது பொருந்தும். மான் வேட்டைக்கு நான்கைந்து அம்புகளே தாராளம் என்பது என் கருத்து. ஏழு கொள்ளும் தூணியை விரும்பும் மூத்த உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தூணியைப் பூட்டத் திருகாணித் துளை இல்லாத பழைய ரீகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) வைத்திருப்போர், வில்லின் கைகளில் வாரால் கட்டும் இரண்டு துண்டுத் தூணியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ரப்பர் வார் குளிரில் வெடிக்கிறது. ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. இந்த வில்களில் சில நம் ஊரிலேயே பிறந்தவை. வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பேர் 1947இல் தம் தொழிற்சாலையை டெட்ராய்ட்டிலிருந்து கிரேலிங்குக்குக் கொண்டுவந்தார். 1978இல் அது ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்குப் போனது. வில்லோடு தூணியைப் பூட்டும் வழக்கத்தை வேட்டைக்காரர்களிடையே பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

காயம்பட்ட இளைஞர் இந்த அக்டோபரில் ஆழமான தொப்பியுள்ள தூணியோடு அதே சரிவில் இறங்கினார். அவருக்கு முன்னால் நடந்த நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஓர் அலகும் வெளியே தெரியவில்லை.

அலகு முழுவதும் மறையாத தூணியோடு திடலுக்குள் வரக்கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். ஆகஸ்ட் சோதனை நாளை ஆண்டுதோறும் நடத்தவும், அன்று மாற்று நுரைப்பஞ்சுகளைச் சங்கச் செலவில் வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டு, இந்த அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்