தொப்பிக்கு உள்ளங்கை போதும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. பூண்டி மாதா கிருபையால் இங்கே நான், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலம். போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். அம்மாவிடமும் அதே வார்த்தைதான். அதனால் காகிதத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ராத்திரி பத்தரை. கரண்ட் போய் இப்போதுதான் வந்தது.

கோடை முகாம் நேற்று முடிந்தது. இந்த வருஷம் 12 நாள். அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாள் ஆரம்பித்து, வழக்கம்போல அதே பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பிள்ளைகள் 34 பேர். மிருதங்கம் 27, கஞ்சிரா 4, கடம் 3. திருச்சி, சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். காலை 6 மணிக்கு எழுப்பி, கையில் தாளம் போட்டு, வாயால் சொல் சொல்ல வைப்பார்கள். இட்லி சாப்பிட்ட பிறகுதான் வாத்தியத்தைத் தொட வேண்டும். பெரிய சார் காலத்துப் பழக்கம், சின்ன சார் அதை மாற்றவில்லை. 27 மிருதங்கமும் சேர்ந்து 'தத் தித் தொம் நம்' என்று விழும்போது ஓட்டுக் கூரையிலிருந்து தூசி கொட்டும் என்று நீ சொல்வாயே, இப்போதும் அப்படித்தான்.

எனக்கு வேலை கடுமை. இந்த வெயிலுக்குத் தோல் இறுகி, மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றும் அரைச் சுருதி ஏறிவிடுகிறது. கல்லும் கட்டையுமாகத் தோல் ஓரத்துப் பின்னலைக் கீழிருந்து தட்டித் தட்டி இறக்கினால், சாயங்காலம் காற்று அடித்ததும் மறுபடி மேலிருந்து தட்ட வேண்டும். இடது பக்கத் தொப்பித் தோலில் தடவின ரவை அரை மணியில் காய்ந்து உதிர்கிறது. சின்னப் பிள்ளைகள் "தாத்தா, ரவை" என்று கிண்ணத்தோடு வரிசையில் நிற்கும். நான் தாத்தா ஆகிவிட்டேன். இரண்டு பேர் ஃபைபர் மிருதங்கம் கொண்டுவந்திருந்தார்கள், வாருக்குப் பதில் நட்டும் போல்ட்டும். அதில் ஒரு பையன் என்னிடம் ஸ்பேனர் கேட்டான். உன் பெட்டியில் எல்லா அளவும் இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். ஐடிஐயில் நீ வாங்கின முதல் ஸ்பேனர் செட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பாய். இன்னும் வைத்திருக்கிறாயா?

கையைப் பார்த்துக்கொள். மிஷினில் வேலை செய்கிறவனுக்குக் கைதான் சொத்து. நைட் ஷிப்டு வேண்டாம் என்று சொல்லிப் பார். தூக்கக் கலக்கத்தில் பிரஸ் முன்னால் நிற்காதே. நீ நிற்க மாட்டாய், எனக்குத் தெரியும், நீ பொறுப்பான பிள்ளை. சொந்தத்தில் மாசம் தவறாமல் 5ஆம் தேதி வீட்டுக்குப் பணம் போடுகிற பிள்ளை வேறு யார்? இந்த மூன்று மாசமாகக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறாய். அதை நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதுவாய். மாசி மாசத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லாம் பேசித்தான் அனுப்புகிறாய். ஈஸ்டருக்கு வீடியோவில் வந்தபோது டம்ளரை இடது கையால் எடுத்தாய். சிலுவை போட்டுக்கொள்ளும்போது போன் நழுவிவிட்டது என்றாய். அம்மா கவனிக்கவில்லை. நான் 40 வருஷமாக மற்றவர்கள் கையைப் பார்த்தே வாத்தியம் செய்கிறவன்.

சரி, அது இருக்கட்டும். முகாமைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

இந்தத் தடவை கும்பகோணத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்திருந்தது, 9 வயசு. முதல் நாள், வலது கையால் வாசிக்கிற வலந்தலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உதவிக்கு வந்திருந்த பையன் மிருதங்கத்தைத் திருப்பி வைத்தான். அவன் அந்தப் பக்கம் போனதும் குழந்தை சத்தமில்லாமல் மறுபடி திருப்பிக்கொண்டது. அவன் திருப்ப, இது திருப்ப, மூன்றாவது தடவை சின்ன சார் பார்த்துவிட்டார். என்ன திட்டப்போகிறாரோ என்று நான் தோல் மூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கிறேன். அவர் கிட்டே போய், "சோறு சாப்பிடுறது எந்தக் கையில?" என்று கேட்டார். "வலது கையில. எழுதுறது இடது" என்றது. "அப்ப இப்படியே வாசி, வரிசையில கடைசியா உட்காரு, பக்கத்துல இருக்கிறவன் முழங்கை இடிக்காம இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து பழனி சுப்ரமணிய பிள்ளை கதையைச் சொன்னார். பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அவ்வளவு பெரிய வித்வான் இடது கைக்காரர். மேடையில் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலது பக்கம் உட்காருவார், வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக. பழனி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆகும், பிடில்காரர் இடம் மாற வேண்டும். அதனாலேயே சிலர் அவரோடு வாசிக்கத் தயங்கினார்களாம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் விடாமல் தன் கச்சேரிகளில் உட்கார வைத்தாராம். சுப்ரமணிய பிள்ளையின் அப்பா பழனி முத்தையா பிள்ளையும் பேர் போன வித்வான். மகன் இடது கை என்று ஆரம்பத்தில் அவருக்கே மனசு ஒப்பவில்லை என்றும் சார் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்தக் குழந்தையின் கையைத்தான் மீதி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலந்தலைக்கு விரல் தனித்தனியாகப் பேச வேண்டும். 'நம்'முக்கு ஆள்காட்டி விரல், மோதிர விரல் தோலில் தொட்டுக்கொண்டிருக்கணும், சாப்பு என்கிற அடிக்குச் சுண்டு விரல். அதெல்லாம் அதன் இடது கை செய்தது. வலது கை தொப்பியில். தொப்பிக்கு அத்தனை நுணுக்கம் வேண்டாம் தம்பி. உள்ளங்கை போதும், இருக்கிற விரல்கள் சேர்ந்து விழுந்தால் போதும். அந்தப் பூங்கை விழுந்தபோது 'தொம்' என்று ஹால் முழுக்கக் கேட்டது. எட்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, சாரிடம் கேட்டேன்: வளர்ந்தவர்கள், ஏதோ காரணத்தால் வலது கை சரியாக வராதவர்கள், இப்படித் திருப்பி வைத்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று. "காது இருந்தா முடியும், கைக்கு மட்டும் கொஞ்ச நாள் பொறுமை வேணும்" என்றார். யாருக்கு என்று கேட்டார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்குக் காது உண்டு. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. 6 வயசில் நீ வாசலில் விளையாடிக்கொண்டே, "அப்பா, அந்த மூலைக் கண்ணு இறங்கியிருக்கு" என்று கத்துவாய். வலந்தலையைச் சுற்றி 16 கண்ணில் எதில் சுருதி இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தேட நேரமாகும், நீ சொன்ன இடம் சரியாக இருக்கும். வெளியே சொன்னால் திருஷ்டி படும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொல்லவே வாய் வரவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் இந்தக் காகிதத்தை மடிக்க முடியாது.

2009 முகாமில் உனக்கு 10 வயசு. எனக்குக் கல் எடுத்துக் கொடுக்க வந்தாய். பின்னால் உட்கார்ந்து நீ தொடையில் தட்டிக்கொண்டிருந்ததைப் பெரிய சார் பார்த்துவிட்டு, ஒரு மிருதங்கத்தை உன் மடியில் வைத்தார். மூன்று நாள் நீ அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாய். ததிங்கிணதொம்மை மூன்று கால வேகத்திலும் சொன்னாய். நாலாம் நாள் காலையில் ஒரு பையனின் தாத்தா என்னிடம் வந்து, "அது உங்க பையனா? வாத்தியம் செய்யற வீட்டுப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான் சிரித்துத் தலையாட்டினேன். அப்போது அக்கா கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தேன். அந்த முகாமால் வருஷத்துக்கு 40 மிருதங்கம் மூட்டு மாற்ற வரும். அது போய்விடுமோ என்று பயந்தேன். அன்று மத்தியானமே உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன்.

சார் அப்படிச் சொல்லவில்லை தம்பி. அவருக்கு ஒன்றும் தெரியாது. "பையன் எங்கே?" என்று சாயங்காலம் கேட்டார். அவனுக்கு இஷ்டமில்லை, விளையாடப் போய்விட்டான் என்றேன். அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டார், அப்போது நீ எட்டாவது. நான் அதே பொய்யைச் சொன்னேன். அவர் கண்ணை மூடும்வரை உனக்கு இஷ்டமில்லை என்றே நினைத்திருந்தார். அவருக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருந்தாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். அப்புறம் நீ வாத்தியத்தையே தொடவில்லை, என் பக்கத்தில் வந்து வார்கூட அறுக்கவில்லை. கோபக்காரன் என்று ஊரெல்லாம் உன்னைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐடிஐயில் சேர்த்துவிட்டு, ஓசூருக்கு ரயில் ஏற்றிவிட்டு, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்தக் கையை நான்தான் மிருதங்கத்திலிருந்து எடுத்து மிஷினில் வைத்தேன்.

நீ என்ன நினைத்தாலும் சரி. திட்ட வேண்டுமானால் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

பரணில் ஒரு பண்ருட்டிப் பலாக் கட்டை இருந்ததே, 24 அங்குலம், விரிசல் விடுகிறதா பார்க்கலாம் என்று ஏழெட்டு வருஷமாக வைத்திருந்தது. ஈஸ்டர் முடிந்த வாரம் இறக்கினேன். மூட்டு இரண்டும் போட்டாகிவிட்டது. முகாமுக்குப் போகும் முன்பே வலந்தலை நடுவில் கறுப்புக் கரணையும் வைத்தேன். சோற்றையும் கிட்டங்கல் பொடியையும் பிசைந்து, கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்து, அது இழுக்கும்வரை கல்லால் தேய்த்து, மறுபடி ஒரு பொட்டு. இரண்டு நாள் ஆனது. முன்பெல்லாம் ஒரே நாளில் முடிப்பேன், இப்போது தோள் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மேடு சரியாக வந்திருக்கிறது, விரல் வைத்துப் பார்த்தால் வழுவழு என்று ஆற்றுக் கூழாங்கல் மாதிரி. அக்கா யாருக்கு என்று கேட்டாள். ஆர்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வார் இன்னும் முழுக்க இழுக்கவில்லை. எந்தச் சுருதிக்கு என்று நீ கேட்டுச் சொன்னால்தான் இழுக்க முடியும், என் காது இப்போது முன்போல இல்லை.

அம்மா பூண்டிக்கு நேர்ந்திருக்கிறாள், என்ன வேண்டுதல் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவின் சின்னவன் மூன்றாவது போகிறான். மாட்டுத்தோல் விலை ஏறிவிட்டது. வேறு சேதி இல்லை. கையைப் பார்த்துக்கொள். டாக்டர் ஏதாவது பயிற்சி சொல்லியிருந்தால், எந்த டாக்டராக இருந்தாலும், விடாமல் செய். இ.எஸ்.ஐ. சீட்டு எதையும் தொலைக்காதே, கம்பெனிக்காரர்கள் எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் படிக்காமல் போடாதே, அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு தடவை காட்டு. வெந்நீரில் விரலை நீவி விடு. குளிர்ந்த தண்ணீரில் துணி துவைக்காதே.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ வந்து சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி பஸ் ஏறும்போது ஒரு வார்த்தை பேசி அனுப்பு, எழுத வேண்டாம். விடியற்காலம் புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பையை நீ தூக்காதே, நான் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா