முணுமுணுத்துவிட்டுக் கட்டுகிறவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வணிகப் பக்கத்தில் ஜிம் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரையைப் படித்தேன். பழைய உறுப்பினர்களுக்குக் கட்டணத்தைக் கூட்டத் தயங்க வேண்டாம், முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அப்படி முணுமுணுக்கிறவர்களில் நானும் ஒருவன்.

மும்பை மாட்டுங்காவில் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் பல வருட உறுப்பினன் நான். உடம்பை முறுக்கேற்றப் போகவில்லை. முட்டிவலிக்கு டாக்டர் சொல்லிப் போகிறேன். போன மாதம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அடுத்த ரினியூவலிலிருந்து வருடத்துக்கு 12,000 ரூபாய் இல்லையாம், 15,000 ரூபாயாம். வரி தனி. கடைசியில் கைகூப்பும் எமோஜி வேறு. அதே வாரம் வாசலில் பேனர் கட்டினார்கள்: புதிதாகச் சேர்ந்தால் 9,999 ரூபாய், டி-ஷர்ட் இலவசம்! ரிசப்ஷன் பையனைக் கேட்டால், "அது நியூ மெம்பருக்கு மட்டும், அங்கிள்" என்கிறான்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், சும்மா இருக்க முடியுமா? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. என் பழைய ரசீதில் வரியோடு 14,160 ரூபாய். கட்டணம் மாறாமல் இருந்தால் இப்போது 12,600தான் வரவேண்டும். கேட்பதோ 15,750. "இன்புட் கிரெடிட் போயிடுச்சே சார்" என்கிறார் முதலாளி. வாஸ்தவம்தான். வரியை 5 சதவீதமாக்கியபோதே, வாடகைக்கும் மெஷினுக்கும் கொடுக்கும் ஜிஎஸ்டியை இனி அவர் கழித்துக்கொள்ள முடியாது என்றும் ஆக்கிவிட்டார்கள். அதற்காகக் கொஞ்சம் கூட்டினால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் எந்த மெஷினை வாங்கினார்? சைக்கிள் சீட்டின் கிழிசலுக்குப் பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறது. இறங்கினால் பசை பேண்ட்டோடு வருகிறது.

2020 மார்ச்சில் மூடிய ஜிம்களை மகாராஷ்டிராவில் தசராவுக்குத்தான் திறக்க விட்டார்கள். அத்தனை மாதமும் இதே முதலாளி, "ட்ரெய்னர்களுக்குச் சம்பளம் கொடுக்கணும், பணத்தைத் திருப்பிக் கேட்காதீங்க" என்று போனில் கெஞ்சினார். சரி, போகட்டும் என்று விட்டோம். விட்டவர்கள் எல்லாம் பழைய உறுப்பினர்கள். இன்று 9,999க்குச் சேருகிறவர் அப்போது எங்கே இருந்தார்?

ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் இலவசமாக நடக்கலாமே என்கிறான் மகன். ஜூலை மழையில் அவன் நடந்து காட்டட்டும்.

ஜிம்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கேபிள்காரரும் இதைத்தான் செய்தார். ஏன், உங்கள் பத்திரிகையே தீபாவளிக்குப் புதுச் சந்தாதாரருக்கு எவர்சில்வர் டப்பா கொடுத்தது. பரம்பரையாகச் சந்தா கட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது, "சந்தா முடிகிறது" என்ற அட்டை. அதைப் பெரிதுபடுத்தவில்லை, ஞாபகம் வந்தது, சொன்னேன். குறுக்கெழுத்தை நிறுத்தியதற்கு எழுதிய கடிதத்துக்கும் இன்னும் பதில் இல்லை.

கட்டுரையாளர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்கலாம். அடுத்த முறை எழுதும்போது, கூட்டுவதென்றால் ரினியூவலுக்கு முன்பே, காரணத்தோடு, எழுத்தில் சொல்லுங்கள் என்று முதலாளிகளுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போடுங்கள். அதில் தமிழிலும் பேசலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், மாட்டுங்கா, மும்பை-19