கேம் பாயோடு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள கவினுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட கேம் பாயை, அந்தப் பழைய நின்டெண்டோ கையடக்க விளையாட்டு மெஷினை, சித்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை மெல்பர்ன் வருகிறாள். சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய அதே சாம்பல் நிற மெஷின்தான். கூடவே டெட்ரிஸ், போக்கிமான் ரெட், போக்கிமான் கோல்ட் என்று மூன்று கேம் கார்ட்ரிட்ஜும் (மெஷினில் செருகும் கேம் பெட்டி) இருக்கின்றன.

பேட்டரி போடும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் தேய்த்தேன், நுரைத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டேன். ஆடி முடித்ததும் நான்கு பேட்டரியையும் கழற்றி வைத்துவிடு. கேம் வரவில்லையென்றால் சின்ன வயதில் செய்ததுபோல் கார்ட்ரிட்ஜுக்குள் ஊதாதே, ஈரம் பட்டுப் பின்கள் அரித்துப்போகும். அதற்கும் பஞ்சும் ஆல்கஹாலும்தான்.

வெளிச்சம் வரும் புதுத் திரை மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. 1989-இல் இதை உருவாக்கிய குன்பேய் யோகோய், விலை குறைந்த, நாள்பட்டுத் தேறிய பாகங்களைத்தான் தேடி எடுத்தார். திரையில் நாலே நாலு நிறச் சாயல், பின்விளக்கு கிடையாது. அதனால்தான் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அடுத்த ஆண்டு போட்டிக்கு வந்த சேகா கேம் கியர் மெஷினுக்குக் கலர் திரை. ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடப்பக்கச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்தால் டெட்ரிஸ் கட்டை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். வெயிலில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதே.

முக்கியமான விஷயம் இது. நீ ஆடிச் சேமித்ததெல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள் சாலிடர் செய்த ஒரு பட்டன் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. கோல்டில் எதுவும் மிஞ்சவில்லை. அதற்குள் கடிகாரமும் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் ரெட்டைப் போட்டுப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது! ஹீரோவுக்கு உன் பெயர், உன்னோடு மல்லுக்கு நிற்கும் எதிராளிக்கு மீனாவின் பெயர். நீ லெவல் 100 வரை வளர்த்த சாரிசார்ட் என்ற போக்கிமானும் பத்திரம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இதை இழக்க எனக்கு மனசே இல்லை. பழைய பேட்டரியைக் கழற்றிய கையோடு எல்லாம் அழிந்துவிடும். அதனால் கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கு. சேமித்ததை முதலில் நகலெடு, பேட்டரியை அப்புறம் மாற்று. புது பேட்டரி போட்டதும் அந்த நகலைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அவசரப்பட்டு எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதே.

கண்ணாடி அலமாரியில் வைக்க மட்டும் இதை அனுப்பவில்லை, ஆடு. இரண்டு மெஷினை இணைத்துச் சேர்ந்து ஆட உதவும் லிங்க் கேபிளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் மெஷினுக்குப் பெரிய பிளக், மீனாவின் கலர் மாடலுக்குச் சின்னது. இரண்டுக்கும் பொருந்தும் கேபிள் கிடைத்தால் வாங்கி வைக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது மெஷினை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா