படிப்பு மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பும் நூலகமும் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. பள்ளி திறந்ததும் வழக்கம்போல நோட்டுகள் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தை அறிவியல் வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன்.

உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதிவினைகளில் ஆற்றல் மாற்றம் என்ற ஒரே பாடத்தை ஆண்டு முழுவதும் நடத்தினோம். ஒரு பாடத்துக்கு இவ்வளவு காலமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். தேவை என்பதே என் உறுதியான கருத்து. வெப்பத்தை வெளிவிடுவது வெப்ப உமிழ்வினை, உள்வாங்குவது வெப்பக் கொள்வினை என்று இலக்கணம் ஒப்பிக்கும் பிள்ளை, பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து எது எந்த வினை என்று சொல்ல முடியாமல் நின்றால் அந்தப் படிப்பு பாதியில் நிற்கிறது என்று பொருள்.

முதல் சோதனை எலுமிச்சைச் சாறும் ஆப்பச் சோடாவும். நுரை பொங்கும்போது வெப்பமானி கீழே இறங்கியது. "குளிர் வெளியே வருது" என்றார்கள் பலர். குளிர் என்று தனியே எதுவும் வருவதில்லை. வினை நடக்க வேண்டிய வெப்பத்தைச் சாற்றிலிருந்தும் டம்ளரிலிருந்தும் நம் விரலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் சில்லென்று இருக்கிறது. இது பிடிபட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போனோம்.

அடுத்தது சுண்ணாம்பு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற விஷயம், நம் கரையில் ஒரு பெரிய கதை. கிளிஞ்சலும் பவளப்பாறையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். முன்பு இரண்டையும் காளவாசலில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆகவே பவளத்துண்டு எதையும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். கடையில் விற்கும் சுட்ட சுண்ணாம்பையே பயன்படுத்தினோம்.

பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை நூறு மில்லி தண்ணீரில் போட்டால் வெப்பநிலை எவ்வளவு ஏற வேண்டும் என்று பிள்ளைகள் முதலில் கணக்குப் போட்டார்கள். 56 கிராம் சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்து நீறும்போது ஏறத்தாழ 65 கிலோ ஜூல் வெளிவரும். அப்படியானால் பத்து கிராமுக்கு சுமார் 11.6 கிலோ ஜூல். வெப்பம் எங்கும் போகாமல் தண்ணீரிலேயே தங்கினால் இருந்த வெப்பநிலையைவிட சுமார் 28 பாகை செல்சியஸ் ஏற வேண்டும். வெப்பமானி அவ்வளவு ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்கள்தான் இந்த ஆண்டின் சிறந்த விளைச்சல். பாத்திரமும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொண்டன என்றாள் ஒரு மாணவி. திறந்த மூட்டையில் இருந்த சுண்ணாம்பு கடற்காற்றின் ஈரத்தில் முன்பே பாதி நீறியிருக்கும் என்றான் ஒரு மாணவன். இரண்டும் சரி.

பிறகு சுண்ணாம்பின் முழுப் பயணத்தையும் கரும்பலகையில் எழுதினோம். காளவாசலில் 100 கிராம் கால்சியம் கார்பனேட் சிதைய 178 கிலோ ஜூல் உள்ளே போக வேண்டும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த 56 கிராமை நீற்றினால் 65 கிலோ ஜூல் திரும்பி வரும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். அதில் 113 கிலோ ஜூல் வெளிவரும். நாள்கணக்கில் மெதுவாக நடப்பதால் சுவரைத் தொட்டால் சூடு தெரிவதில்லை. 65ஐயும் 113ஐயும் கூட்டுங்கள்: 178. காளவாசல் நெருப்பு கொடுத்தது ஒரு துளியும் தொலையவில்லை. எத்தனை படியாக நடந்தாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் வெப்பக் கணக்கும் ஒன்றே என்று வேதியியலாளர் ஹெஸ் 1840இல் சொன்ன விதி இதுதான். கூட்டல் சரியாக வந்ததும் பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஆண்டிலேயே கடினமான பகுதி, அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்றே பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. உண்மை நேர் எதிர். உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும்; புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜன் எரிவதை எடுத்துக்கொண்டோம். மோல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அளவு. இரண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் அணுக்களாகப் பிரிக்க முறையே 872, 498 ஆக 1370 கிலோ ஜூல் செலவு. உருவாகும் இரண்டு மோல் நீராவியில் நான்கு மோல் பிணைப்புகள், ஒரு மோலுக்கு 463 வீதம் 1852 வரவு. மிச்சம் 482 கிலோ ஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. வரவு அதிகமானால் உமிழ்வினை, செலவு அதிகமானால் கொள்வினை.

அப்படியானால் கருவேலங்கரி ஏன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை என்று ஒரு பையன் கேட்டான். மணல் மேட்டில் ஏற்றி வைத்த வள்ளம் தண்ணீருக்கு இறங்க வேண்டுமானால் முதலில் மேட்டைத் தாண்டத் தள்ள வேண்டும். தாண்டிவிட்டால் சரிவில் தானே இறங்கும். அந்த முதல் தள்ளல்தான் கிளர்வு ஆற்றல், தீக்குச்சி கொடுப்பது அதைத்தான். கரிமூட்டத்தை மண் பூசி மூடுவது ஏன் என்பதும் அன்றே பேசப்பட்டது. காற்றை விட்டால் விறகு சாம்பலாகிவிடும். பிறகு எரிக்கக் கரி ஏது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் தகப்பன்மார் பலர் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு துருவைப் பற்றித் திரும்பியது. இரும்பு துருப்பிடிப்பதும் வெப்ப உமிழ்வினைதான். வேகம் குறைவு, அதனால் சூடு தெரியாது. காடியில் (வினிகரில்) நனைத்த இரும்பு நாரை வெப்பமானியின் குமிழில் சுற்றி மூடி வைத்தபோது சில பாகை ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று என்ன பாடு படுத்தியது என்பதை அவர்கள் சொல்ல, பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். அடுத்த ஆண்டும் இந்த வகுப்புகளைத் தடைக்காலத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதைப் பெரியவர்கள் மட்டுமே கையாண்டார்கள். பிள்ளைகள் கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று அளவு பார்த்தார்கள். வீட்டில் யாரும் தனியாகச் செய்ய விடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் கொடுத்தனுப்ப வேண்டாம். சுடுநீரில் அது உடைந்துவிடும்.

வரும் ஆண்டுக்கு மன்றத்திடம் நான் கேட்பது 110 பாகை வரை காட்டும் ஆய்வக வெப்பமானிகள், இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று வீதம். நாற்காலி வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போடலாம், பாயில் உட்கார்ந்து படிக்கலாம். ஒரே வெப்பமானியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே பாடம் கிடைக்கிறது. சுண்ணாம்பு சேமிக்க இறுக மூடும் டப்பாக்களும் வேண்டும்.

இவ்வறிக்கையையும் வெப்பமானி வாங்கும் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்